எந்த மலையைப் பார்ப்பது?

ஏப்ரல் 9

வீடு மாறிப் பத்து நாள் ஆகிறது. குகையிலிருந்து கன்னங்குறிச்சி. இரண்டும் சேலம்தான், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் அம்மாவுக்கு இது வெளியூர். வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே சேர்வராயன் மலை. "இவ்வளவு கிட்டத்துல எதுக்குடா இருக்கு இது?" என்கிறாள்.

மொட்டை மாடியில் நேராக இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து, உள்பக்கம் ஸ்கேல் ஒட்டியிருக்கிறேன். என் மழைமானி. ஒரு மில்லிமீட்டர் நின்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் விழுந்ததாகக் கணக்கு. சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன் வீட்டிலும் கணக்கு எழுதாமல் இருப்பானா? இதுவரை ஜாடியில் ஒரு எறும்பு மட்டும்.

ஏப்ரல் 14

சித்திரை 1. காலை ஒன்பதுக்கே தரை சுடுகிறது.

இந்த ஊரை மலைகள் சுற்றி நிற்கின்றன. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன். நடுவில் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் நாம், வாணலியில் விழுந்த வடகம் மாதிரி. கடல் காற்று இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துப்போகும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறையும் கான்கிரீட்டும் ராத்திரி அதைத் திருப்பித் தருகின்றன. குகை வீட்டில் பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். இங்கே பத்து மணிக்கு மேல் மலைப்பக்கமிருந்து ஒரு சில்லென்ற இழை இறங்கி வருகிறது. வீடு மாறியதற்கு இது ஒன்றே போதும் என்று நான் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம், 28 வரை. மாம்பழம் வந்துவிட்டது. சேலத்து மல்கோவா விலை கேட்டேன், செந்தூரா வாங்கி வந்தேன்.

மே 6

மூன்று மணிக்கு அம்மா மாடிக்கு ஓடி, காய்ந்த துணியையும் காயாத துணியையும் அள்ளிக்கொண்டு வந்தாள். தெற்கே ஜருகுமலை கருத்துவிட்டதாம். நாற்பது வருஷமாகப் பார்த்த மலை, பொய் சொல்லாது என்றாள். ராத்திரி வரை ஒரு சொட்டு இல்லை. எட்டு மணிக்கு மாமா போன் செய்தார், குகையில் தெருவெல்லாம் தண்ணீராம்.

மலை பொய் சொல்லவில்லைதான்.

மே 12

நேற்று எழுத முடியவில்லை, மாடி கழுவுகிற வேலை.

முந்தாநாள் அம்மா ஜவ்வரிசி வடகம் ஊற்றினாள். நேற்றும் வெயிலில் போட்டிருந்தாள். நாலு மணிக்குத் தெற்கே பார்த்தாள், ஜருகுமலை வெள்ளையாகக் கிடந்தது. நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள். முதுகுப் பக்கம் சேர்வராயன்மேல் மேகம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. மதியம் முழுக்க மலைச்சரிவு சூடாகி, காற்று மேலே ஏறி, கட்டிய மேகம் சாயங்காலம் இடித்துக் கொட்டுவதுதான் கோடை மழை. முதலில் புழுதியோடு குளிர்ந்த காற்று வந்தது. நான் எழுந்து ஓடுவதற்குள் கொட்டிவிட்டது. நாற்பது நிமிஷம், ஜாடியில் 34 மில்லிமீட்டர். வடகம் திரும்பவும் கூழாகி வடிகால் குழாய் வழியாகப் போய்விட்டது. அதே நேரம் குகையில் தூறல்கூட இல்லையாம்.

அம்மா வடகத்துக்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கணிப்பு தப்பியதுதான் அவளை உறுத்துகிறது. தாத்தா தறிக்காரர். விடிகாலையில் தெருவில் பாவு நூலை (துணியின் நீளவாக்கு இழைகளை) நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவிடுவார்கள். மழை பிடித்தால் அத்தனையும் பாழ், குழித்தறியிலும் தண்ணீர் ஊறிவிடும். அதனால் அந்தத் தெருவில் வானம் பார்க்கத் தெரியாத பிள்ளையே கிடையாது. "மழை பேயணும், ஆனா பாவு காஞ்சப்புறம் பேயணும்" என்று தாத்தா சாமி கும்பிடுவாராம்.

மே 18

பைக்கில் ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு. பையில் தெர்மாமீட்டர் இருந்தது (வீட்டில் இதற்கும் சிரிப்பு). அடிவாரத்தில் 38, மேலே ஏரிக்கரை நிழலில் 29. ஏரி 1,400 மீட்டர் உயரத்துக்குப் பக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்கிற கணக்கு ஏறக்குறையச் சரி. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் விழுகிற பூ மழைதான் உயிர். அது தவறினால் அப்புறம் எவ்வளவு பெய்தாலும் பூ சரியாகப் பிடிக்காதாம்.

ஜூன் 21

காற்று. வேறொன்றுமில்லை.

ஜூலை 16

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. ஆனாலும் குழாயில் வருவது அந்த மழைதான். குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, மேட்டூருக்கு வந்து, அங்கிருந்து நமக்கு. மேட்டூர் 120 அடியைத் தொடுமா என்று டீக்கடையில் பந்தயம் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் பனமரத்துப்பட்டி ஏரிதான் இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. இப்போது அந்தப் பேரைச் சொன்னால் சீமைக்கருவேலம்தான் ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் 7

குகையில் வண்டி வேடிக்கை. ஆடித் திருவிழாவுக்கு அம்மா நாலு நாள் முன்பே போய்விட்டாள். நான் சாயங்காலம் போனேன். சாமி வேஷத்தோடு வண்டிகள் கிளம்பும் முன்னே அம்மா குடையை எடுத்தாள். தெருவே வானத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. ஏழரைக்கு மழை. வண்டியில் பரமசிவன் பாலிதீன் ஷீட்டுக்குள் போய்விட்டார். அம்மாவின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் நாலு மாசமாகப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15

இந்த ஊரில் ஆவணி, புரட்டாசி மழைக்கு ராத்திரிதான் பிடிக்கும். பதினோரு மணிக்கு மின்னல், ஒரு மணிக்கு மழை, காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி வெயில். ஜாடியில் 41. மலை ஓடைத் தண்ணீர் சேர்ந்து மூக்கனேரி செம்மண் நிறத்தில் ததும்புகிறது. 2010-ல் தன்னார்வலர்கள் தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் கட்டிய ஏரி. திட்டு மரங்களில் கொக்கு அடைகிறது. அம்மா தினமும் கரைக்கு நடக்கிறாள். திரும்பும்போது மலையைப் பார்த்தபடி வருகிறாள்.

அக்டோபர் 13

ஃபேக்டரியில் மரவள்ளிக் கிழங்கு வரத்து உச்சத்தில். வறுத்த ஜவ்வரிசி களம் முழுக்கப் பரப்பிக் கிடக்கிறது. நனைந்தால் பசை. மூன்று மணிக்குக் களத்து மேஸ்திரி, வாருவதா வேண்டாமா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இங்க சேர்வராயன் பளிச்சுனு இருக்குடா. அது இந்த ஊட்டுக்கு. உனக்கு அங்க எந்த மலை?"

ஃபேக்டரி வாழப்பாடி போகிற வழியில். "கோதுமலைம்மா."

"வெளிய போய்ப் பாரு. அடி தெரியுதா?"

பார்த்தேன். "உச்சி தெரியுது. அடி தெரியல."

"வாரச் சொல்லு."

வாரினோம். நாலரைக்கு வந்த முதலாளி, வெயில் அடிக்கும்போது களம் ஏன் காலியாக இருக்கிறது என்று கத்தினார். அவர் காருக்குத் திரும்பும்போது சட்டை நனைந்துவிட்டது.

ராத்திரி வீட்டுக்கு வந்து மாடி ஏறிப் பார்த்தேன். ஜாடியில் ஒன்றுமில்லை.