மாமாவின் கடலைக்கொல்லை, தம்பியின் ஆரஞ்சுச் சட்டை

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு. வேளச்சேரி.

கண்புரை ஆபரேஷனுக்காக மாமா செங்கத்துப் பக்கமிருந்து வந்திருக்கிறார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் கடலையைப் பற்றித்தான். மார்கழிப் பட்டத்தில் விதைத்தது, இப்போது விழுது இறங்கும் நேரம். பிஞ்சு பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்துவிடுமாம்.

ராத்திரி தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனிலிருந்து வீடியோ காலில் வந்தான். உடம்பில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேல்சட்டை. அலுவலக நண்பரோடு சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டுக்குப் பன்றி வேட்டைக்குக் கிளம்புகிறானாம். மாமா போனைப் பிடுங்காத குறை.

"அரசாங்கக் காட்டுலயா? விடறாங்களா?"

விடுகிறார்கள். வேட்டை லைசென்ஸ் வேண்டும். அதற்கு மேல், பொது நிலத்தில் வேட்டையாட வருஷத்துக்கு 48 டாலர் அனுமதிச் சீட்டு. தனியார் நிலமென்றால் 2019 முதல் பன்றிக்கு லைசென்ஸே தேவையில்லை, நிலத்துக்காரர் சரி என்றால் போதும். ஆனால் டெக்சாஸில் கிட்டத்தட்ட எல்லாமே தனியார் நிலம். நிலமோ நிலத்துக்காரரின் பழக்கமோ இல்லாதவர்களுக்கு இந்தப் பொதுக் காடுகள்தான் கதி. ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் ஆரஞ்சுச் சட்டை.

"பன்னி அந்தக் கலரைப் பாத்துட்டு ஓடாதா?" என்றார் மாமா. பன்றிக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, அதற்கு மூக்குதான் எல்லாம் என்றான். "அது எனக்குத் தெரியும்" என்றார்.

பிப்ரவரி 3

தம்பி ஒரு பன்றியைக்கூடப் பார்க்கவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே கிளறிக் கிடந்த மண்ணைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மாமா புரை விழுந்த கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கண்ணோடு போனை ஒட்டி வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "நேத்து ராத்திரி கிளறினது. மண்ணு இன்னும் காயல பாரு. ஓரத்துல குளம்பு சின்னதா இருக்கு, குட்டிங்களோட வந்திருக்கு. இவன் எதிர்க்காத்து பாத்துப் போனானான்னு கேளு." கேட்டேன். பார்க்கவில்லையாம்.

பிப்ரவரி 6

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குப் பச்சை மறைப்பு போட்டபடி பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

போன மாதம் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி அறிவித்ததைத் தேடி வாசித்துக் காட்டினேன். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை கை வைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும்.

"நம்ம கொல்லையில இருந்து காடு கல்லெறியற தூரம்டா" என்றார். அப்படியானால் இந்த உத்தரவில் அவருக்கு எதுவுமே இல்லை. காட்டை ஒட்டியிருப்பவனுக்குத்தான் சேதம் அதிகம், அவனுக்குத்தான் வழி குறைவு. ஏன் இப்படி வைத்தார்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை. காட்டோரத்தில் துப்பாக்கியைத் தூக்க விட்டால் அது பன்றியோடு நிற்காது. ஆனாலும் மாமா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் இளவட்டமாக இருந்தபோது வலை கட்டி, நாய் விட்டு, ஈட்டியால் குத்துவார்களாம். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. இப்போது கறி வைத்திருந்தாலே வழக்கு. சில ஊர்களில் திருட்டுத்தனமாக அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குள் வெடிமருந்து. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும், மாடு கடிக்கும். மாமா வீட்டுப் பசு ஒன்று வாய் கிழிந்து, பத்து நாள் தீனி எடுக்க முடியாமல் செத்தது. அதைச் சொல்லும்போது மட்டும் பேச்சைச் சட்டென்று மாற்றிவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பியோடு இன்று நீண்ட பேச்சு. அங்கே பன்றி சொந்த விலங்கே இல்லை. 1539-இல் ஸ்பானியர் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூடவே ஓட்டி வந்த பன்றிகளில் தொடங்கிய சங்கதி. நம்முடையது இந்தக் காட்டிலேயே பிறந்தது, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. அமெரிக்காவில் சுடுகிறார்களே, இங்கே ஏன் கூடாது என்று கேட்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அங்கேயும் சுட்டுத் தீரவில்லை என்பதுதான் விஷயம். மிசூரி மாநில வனவிலங்குத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையை 2016-இல் தடையே செய்துவிட்டது. ஒன்றைச் சுட்டால் மிச்சமெல்லாம் சிதறி நாலு பக்கம் ஓடிப் புது இடத்தில் பெருகுகிறதாம். வேட்டை ருசி கண்டவர்களே பன்றியை வண்டியில் ஏற்றிப் புதுக் காட்டில் விட்ட கதையும் உண்டு. அதனால் வட்டமாகப் பெரிய கூண்டு அடித்து, நாள் கணக்கில் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, கேமராவில் பார்த்துக்கொண்டே இருந்து, தாய், குட்டி எல்லாம் உள்ளே போன பிறகுதான் கதவை இறக்குகிறார்கள். ஒன்று வெளியே நின்றாலும் பொறுத்திருப்பார்கள்.

"இதத்தான் எங்கப்பா சொல்வாரு, கூட்டத்தைக் கலைக்காதேன்னு" என்றார் மாமா. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நம் ஊரில் துப்பாக்கியைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதியளவு கூண்டைப் பற்றி நடந்திருந்தால் எவ்வளவோ தேவலை. பிடிக்கலாம் என்றிருக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரில் முழுக் கூட்டத்தையும் பிடிக்க ஆளும் கூண்டும் கொடுக்கட்டும் முதலில்.

பிப்ரவரி 12

மாமா ஊருக்குக் கிளம்பினார், ஒரு மூட்டை தலைமுடியோடு. தெருமுனை சலூனில் சொல்லிவைத்துச் சேர்த்தது. வரப்போரம் தூவினால், பன்றி மோந்துகொண்டே வரும்போது முடி மூக்கில் ஏறி எரிச்சல் தாங்காமல் திரும்பிவிடுமாம். கூடவே என் மனைவியின் பழைய புடவைகள், வேலியில் கட்ட. மழை பெய்தால் முடி வீண், பழகிவிட்டால் புடவையும் வீண் என்று அவரே சொன்னார். கிளாம்பாக்கத்தில் கண்டக்டர் மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "என்னய்யா இது, பஞ்சா?" என்றார். மாமா ஆமாம் என்றுவிட்டார்.

பிப்ரவரி 27

மாமா போன் செய்தார். கண் நன்றாகத் தெரிகிறது. கடலை தப்பித்திருக்கிறது இதுவரை. பன்றிகள் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விட்டன. அந்தக் கொல்லைக்காரர் வந்து, மெட்ராஸில் அந்த சலூன் எங்கே என்று கேட்டாராம்.