சோக் முன்னால், கண்டன்சர் பின்னால்

பேட்டையில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு வரும் பேட்டரி சார்ஜர்களைத் திறந்ததும், தைரிஸ்டர் பிரிட்ஜை (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும், எப்போது திறக்க வேண்டும் என்று நாமே தீர்மானிக்கும் மின்சுவிட்சுகளின் தொகுதி) ஒட்டிக் கிடக்கும் கனமான சோக்கை, அதாவது இரும்பு உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருளைப் பார்த்து, "அண்ணாச்சி, இதைக் கழத்திட்டு பெரிய கண்டன்சரா ரெண்டு போட்டா போதும்லா?" என்று புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள். டயோடு பிரிட்ஜில் கண்டன்சரை நேராக மாட்டிப் பழகிய கைக்கு அது நியாயமான கேள்விதான்.

230 வோல்ட் ஒற்றை பேஸின் உச்சம் 325 வோல்ட். முழுக் கட்டுப்பாட்டு பிரிட்ஜில், மின்னோட்டம் இடைவிடாது ஓடும் வரை, தூண்டுகோணம் (தைரிஸ்டரைத் திறக்க ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எவ்வளவு தாமதிக்கிறோம் என்பது) சுழியமாக இருந்தால் சராசரி வெளியீடு 207 வோல்ட். 60 பாகைக்குத் தள்ளினால் அது 103 வோல்ட்டாகக் குறையும். ஆனால் சராசரி குறைவதால் அலை அடங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தைரிஸ்டர் திறக்கும்போது வெளியீடு மைனஸ் 281 வோல்ட்டிலிருந்து பிளஸ் 281 வோல்ட்டுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறது, அதுவும் நொடிக்கு 100 முறை. இந்தத் தாவலின் எதிரே மின்தேக்கியை (கண்டன்சரை) நேரடியாக வைத்தால், தைரிஸ்டர் திறக்கும் கணத்தில் கம்பியின் சொற்ப மின்தடையைத் தவிர மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இராது. பியூஸ் போனால் அதிர்ஷ்டம். இல்லையேல் தைரிஸ்டரே போகும்.

சோக் முதலில் நின்றால் மின்னோட்டம் திடீரென்று ஏறவோ இறங்கவோ முடியாது. 50 மில்லிஹென்றி சோக், 100 ஹெர்ட்ஸ் சிற்றலைக்கு (சராசரியின் மேலும் கீழும் ஆடும் அலைக்கு) 31 ஓம் அளவுக்கு எதிர்ப்பைக் காட்டுகிறது. பின்னால் உள்ள 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அதே சிற்றலைக்கு 1.6 ஓம் மட்டுமே காட்டுவதால், ஏறக்குறைய 19-இல் ஒரு பங்கே சுமையை எட்டுகிறது. மூன்று பேஸ் பிரிட்ஜில் சிற்றலை 300 ஹெர்ட்ஸ் என்பதால் இதே பொருள்கள் ஒன்பது மடங்குக்கும் மேலாக உதவும்.

ரீவைண்டிங்குக்குப் போய்வரும் சோக்குகளில், உள்ளகத் தகடுகள் சேரும் இடத்தில் தடித்த காகிதத் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். வீணான இடைவெளி என்று அதை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுத்தால் நேர்மின்னோட்டத்தால் உள்ளகம் பூரிதமாகி (அதற்கு மேல் காந்தமேற முடியாமல் போய்), தூண்டல் மதிப்பு சரிந்துவிடும்.

வெளியீட்டின் குறுக்கே எப்போதும் சூடாகவே இருக்கும் பிளீடர் மின்தடையும் இப்படித்தான் பழிக்கு ஆளாகிறது. சுமை மிகவும் குறைந்தால் மின்னோட்டம் இடைவிட்டு ஓடத் தொடங்கி, மின்னழுத்தம் ஏறும். அதைத் தடுக்கும் குறைந்தபட்ச மின்னோட்டத்தைத் தருவது அந்த மின்தடையே. வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பின்னூட்டக் கட்டுப்பாடு இல்லாத கருவியில் அதைக் கழற்றிவிட்டுச் சுமையையும் நீக்கினால், 60 பாகையில் இருந்தாலும் மின்தேக்கி 325 வோல்ட்டை நோக்கி ஏறும். 160 வோல்ட் என்று அச்சிட்ட கண்டன்சர்கள் மேல்மூடி உப்பிப் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான்.