ரேடியோ கேட்ட இரவு

2018-ல் டப்ளினில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் நர்ஸாக இருந்தேன். அயர்லாந்துக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் வருஷம் அது. எனக்கு அதில் பாதி நைட் டியூட்டியில் போனது.

பிப்ரவரி கடைசியில் பனிப்புயல். நாடு முழுக்க ரெட் அலர்ட், பஸ்ஸும் ரயிலும் நின்றுவிட்டன. கடைகளில் முதலில் தீர்ந்தது ரொட்டி. ஏன் ரொட்டி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவர்களே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வர வழியில்லாமல் இரண்டு நாள் பிசியோதெரபி அறையில் மெத்தை விரித்துப் படுத்தோம். அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர் தன் ஜீப்பில் எங்களை ஒவ்வொருவராக வீட்டில் இறக்கிவிட்டார்.

ஏப்ரலில் விக்கி ஃபீலன் என்ற பெண்ணின் வழக்கு. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை என்று தப்பாக முடிவு வந்திருந்தது. பிறகு தணிக்கையில் தப்பு தெரிந்தும் அவரிடம் பல வருஷம் சொல்லவில்லை. பரிசோதனை செய்த அமெரிக்க ஆய்வகம் 25 லட்சம் யூரோ நஷ்டஈடு கொடுத்தது. வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனைக்கு மட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் அவரைப் போலவே இன்னும் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பது வெளியே வந்தது. அந்த வாரம் டீ ரூமில் எல்லாரும் தங்கள் கடைசிப் பரிசோதனை எப்போது என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆனால் மே மாத வாக்கெடுப்பைப் பற்றி அதே டீ ரூமில் யாரும் வாய் திறக்கவில்லை. கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிர் உரிமை என்று 1983-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்து, கருக்கலைப்பைத் தடுத்திருந்த பிரிவை நீக்கலாமா என்பது கேள்வி. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போஸ்டர். உள்ளே வானிலையும் பிஸ்கட்டும்தான் பேச்சு. 2012-ல் கால்வேயில் கருச்சிதைவின்போது, சிசுவின் இதயம் துடிக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, கிருமித்தொற்றில் இறந்த இந்தியப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் பல போஸ்டர்களில் சிரித்துக்கொண்டிருந்தார். வயது 31. நான் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சு கொஞ்சம் குறைவதுபோல எனக்குத் தோன்றும். என் கற்பனையாகவும் இருக்கலாம்.

மே 25, இரவு பத்து மணி. மாத்திரை கொடுத்துக்கொண்டு போகும்போது ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பாட்டி, காதில் ரேடியோ, கண்ணை மூடியிருந்தார். வாக்கெடுப்பு முடிந்து கணிப்பு அப்போதுதான் வந்திருந்தது.

“எடுத்துடுவாங்க போல” என்றார். நான் மாத்திரையை நீட்டினேன்.

“83-ல சேர்க்கச் சொல்லிப் போட்டவ நான். இந்தத் தடவை படுத்துக் கிடக்கேன்.”

இந்தத் தடவை என்ன போட்டிருப்பார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. டியூட்டியில் கேட்கக் கூடாது.

அவர்தான் கேட்டார்: “அந்தப் பொண்ணு உங்க ஊரா?”

சவிதாவின் வீடு கர்நாடகத்தில், பெலகாவியில். நான் திண்டுக்கல். ரயிலேறினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகும், பாஷையும் வேறு.

“பக்கத்து ஊர்தான் பாட்டி” என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் மணி அடித்தது, நான் போகவில்லை.

மறுநாள் எண்ணியபோது நீக்கச் சொன்னவர்கள் 66.4 சதவீதம். 1983-ல் சேர்க்கச் சொன்னவர்களும் கிட்டத்தட்ட அதே மூன்றில் இரண்டு பங்குதான். ஆகஸ்டில் போப் வந்தபோது பாட்டி டிஸ்சார்ஜ் ஆகியிருந்தார்.