சம்பளப் பிடித்தக் கணக்கை ஒரு வருடம் பின்னால் போய்த் திரும்ப எழுதிய கதை

எங்களுடையது ஏழு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். விற்பனை, கொள்முதல் கணக்கெல்லாம் நானே எழுதுகிறேன், அதில் பெரிய தகராறு எதுவும் வந்ததில்லை. என்னைக் கவிழ்த்தது சம்பளம்தான். சம்பளத்தைக் கணக்கிட்டு, ஆட்களின் கணக்கில் போட்டு, வரியையும் கட்டிவிடும் ஒரு சேவையிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தோம், அதனால் எனக்கு இதில் வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதம் இரண்டு தடவை வங்கியிலிருந்து பணம் போகும். ஒன்று ஆட்களின் கைக்குப் போகும் சம்பளம், இன்னொன்று வரி, சேமநிதி, அந்தச் சேவையின் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை. ஸ்டேட்மென்டைப் பார்த்து இரண்டையும் 'சம்பளச் செலவு' என்று ஒரே தலைப்பில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். போன பணம் போனதுதானே, எந்தப் பெயரில் எழுதினால் என்ன என்பது அன்றைக்கு என் ஞானம்.

ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் கணக்காளருக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் போன் வந்தது. "நீங்க எழுதியிருக்கிற சம்பளச் செலவும், அரசுக்குப் போன ஆண்டறிக்கையில இருக்கிற மொத்தச் சம்பளமும் கிட்டக்கூட வரலையே" என்றார். வங்கியிலிருந்து போனதை ஒரு காசு விடாமல் எழுதியிருக்கிறேனே என்று கொஞ்சம் வீறாப்பாகவே சொன்னேன். "அதுதாங்க பிரச்சினை. வங்கியிலிருந்து போனதுக்குப் பேர் சம்பளம் இல்ல."

எனக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒருவருடைய சம்பளச் சீட்டை எடுத்துவைக்கச் சொன்னார். மொத்தச் சம்பளம் 30,000. அதில் வருமான வரிப் பிடித்தம் 2,400, சேமநிதிக்கு அவர் பங்கு 1,500, முன்பணம் வாங்கியிருந்ததால் அதற்கு மாதக் கழிவு 1,000. கைக்குப் போனது 25,100. இது முதல் டெபிட். இரண்டாவது டெபிட்டில் என்ன இருக்கிறது? பிடித்த வரி 2,400, பிடித்த சேமநிதி 1,500, அதே அளவுக்கு நிறுவனம் தன் பங்காகப் போடும் 1,500, சேவைக் கட்டணத்தில் இவருக்கான 200. கூட்டினால் 5,600. ஆக வங்கியிலிருந்து போனது 30,700, நான் சம்பளம் என்று எழுதியதும் 30,700. உண்மையான சம்பளமோ 30,000. சரி, அப்படியானால் கூடுதலாக 700 எழுதிவிட்டேன், கழித்துவிடலாம் என்றேன். அதுவும் தப்பு. நிறுவனத்துக்கு இந்த ஆளால் வந்த செலவு சம்பளம் 30,000, நிறுவனப் பங்கு 1,500, கட்டணம் 200, மொத்தம் 31,700. வங்கியில் 1,000 குறைவாகப் போனதற்குக் காரணம், அந்த முன்பணக் கழிவு. அது செலவைக் குறைக்கவில்லை, நாங்கள் கொடுத்திருந்த கடன் திரும்பி வந்தது, அவ்வளவுதான். அந்த முன்பணத்தைக் கொடுத்த நாளில் அதையும் சம்பளம் என்றுதான் எழுதியிருந்தேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏழு பேர், பன்னிரண்டு மாதம், எண்பத்து நாலு சீட்டு. ஒவ்வொன்றிலும் இந்தக் குழப்பம்.

போதாததற்கு நான் எனக்காக எடுத்த பணம் வேறு. தனி உரிமையாளராக நடத்தும் தொழிலில் முதலாளி எடுப்பது சம்பளம் ஆகாது, அது தான் போட்ட மூலதனத்திலிருந்து எடுத்துக்கொண்டது, அதற்குத் தனித் தலைப்பு உண்டு. நான் அவசரத்துக்கு எடுத்த நாலைந்து தொகையும் சம்பளச் செலவுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. லாபம் குறைவாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம், நான் வேறு வியாபாரம் மந்தம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. முதல் ஞாயிறு முழுக்க வீண். உற்சாகமாக ஒவ்வொரு மாதத்துக்கும் மொத்தச் சம்பளத்தைச் செலவாக எழுதினேன், வரி கட்டிய டெபிட்டையும் பழையபடி செலவாகவே விட்டுவிட்டேன். மேலே சொன்ன ஆளையே எடுத்துக்கொண்டால், 30,000க்குள்ளேயே அந்த 2,400ம் 1,500ம் இருக்கின்றன. திரும்பவும் அவற்றைக் கட்டும்போது செலவு என்று எழுதினால் 3,900 இரண்டு தடவை ஏறுகிறது. இதைச் செய்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் செய்யும்போது ரொம்பச் சரியாகத் தோன்றும். வரி கட்டுகிறோம், பணம் போகிறது, பிறகெப்படி அது செலவில்லாமல் போகும்?

இதற்குக் கணக்காளர் சொன்ன பதில்தான் எனக்குள் எதையோ திருப்பிப் போட்டது. "பிடிச்ச வரி உங்க பணமா?" என்று கேட்டார். இல்லை, வேலை செய்தவருடையது. அவருக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை எடுத்து அவர் சார்பில் கட்டும்வரை நாம் வைத்திருக்கிறோம். நம் வங்கிக் கணக்கில் கிடக்கிறது என்பதற்காக நம்முடையது ஆகிவிடாது. சம்பளம் கைக்குப் போகும் முன்பே வரியைப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டைப் போர்க்காலச் செலவுக்காக 1943இல் அமெரிக்காவும் 1944இல் பிரிட்டனும் பெரிய அளவில் கொண்டுவந்தன என்று பிற்பாடு படித்தேன். ஒவ்வொரு முதலாளியையும் சம்பளமில்லாத வசூல்காரராக ஆக்கிவிட்ட கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. வசூல்காரர் வசூல் பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதினால் எப்படி இருக்கும், அதைத்தான் நான் செய்திருந்தேன்.

ஆக இரண்டாவது ஞாயிறு புதிதாக இரண்டு தலைப்பு திறந்தேன். ஒன்று 'கொடுக்க வேண்டிய சம்பளம்', இன்னொன்று 'கட்ட வேண்டிய பிடித்தம்'. சம்பளச் சீட்டு வந்த அன்று மொத்தம் 30,000 செலவில் ஏறும். அதில் 25,100 முதல் தலைப்புக்கு, 3,900 இரண்டாவதற்கு, 1,000 முன்பணக் கணக்கைக் குறைக்கப் போகும். நிறுவனப் பங்கு 1,500 தனிச் செலவாக எழுதப்பட்டு அதுவும் கட்ட வேண்டிய பிடித்தத்தில் போய்ச் சேரும். அங்கே இப்போது 5,400 நிற்கிறது. வங்கியிலிருந்து பணம் போகும்போது செலவு என்று எதையும் எழுதுவதில்லை. 25,100 போனால் முதல் தலைப்பு பூஜ்யம். 5,600 போனால் 5,400 இரண்டாவது தலைப்பைப் பூஜ்யமாக்கும், மீதி 200 கட்டணம். பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம், அவற்றை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் நடந்தது தெரிய வேண்டும் என்று கணக்காளர் சொல்லியிருந்தார். அதனால் வேலை இரண்டு மடங்கு, ஆனால் அவர் சொன்னது சரிதான்.

இந்தப் பூஜ்யத்தின் அருமை அன்று சாயங்காலமே தெரிந்தது. ஜனவரியிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே வருகிறேன், ஒவ்வொரு மாதமும் கட்ட வேண்டிய பிடித்தம் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது, பார்க்கவே சுகமாக இருக்கிறது. ஜூலை வந்தது, 36,420 மிச்சம். ஆகஸ்டிலும் அதே 36,420. அப்படியே டிசம்பர்வரை அந்த எண் அசையாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. எங்கேயோ நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று ஜூலைச் சீட்டுகளை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. ஸ்டேட்மென்டில் 14ஆம் தேதி கட்டணத்தோடு சேர்த்து அந்தத் தொகை போயிருக்கிறது. பிறகுதான் கண்ணில் பட்டது, 16ஆம் தேதி அதே தொகை, காசு பிசகாமல், வரவில் இருக்கிறது. சேவையின் பெயரில் இருந்த வரிகளையெல்லாம் அப்படியே புதுத் தலைப்பில் ஏற்றியதால், போனதும் வந்ததும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மிச்சம் அப்படியே நின்றிருக்கிறது.

அந்த வரவை நான் ஜூலையில் ஏதோ வாடிக்கையாளர் அனுப்பியது என்று விற்பனையில் எழுதியிருந்தேன்! வங்கிக் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் போகலாம் என்று நாங்களே வைத்திருந்த வரம்பை அந்த மாதம் தாண்டியதால் டெபிட் திருப்பப்பட்டிருக்கிறது. சேவைக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், அது கணக்கைத் தொடங்கிவைத்து, பிறகு வேலையை விட்டுப் போன ஒருவருடைய முகவரிக்குப் போயிருக்கிறது. ஆக ஒரு மாத வரி கட்டப்படவேயில்லை, கட்டாத வரி விற்பனை வருமானமாக வேஷம் போட்டுக்கொண்டு ஐந்து மாதமாக என் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழைய முறையில் எழுதியிருந்தால் இது என்றைக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் செலவுத் தலைப்பு எந்த எண்ணில் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பூஜ்யமாக வேண்டிய தலைப்பு பூஜ்யமாகாவிட்டால்தான் உறுத்தும்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கட்டினேன். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து வலித்தது, அதை இங்கே எழுதி இன்னொரு தடவை வலிக்கவிட வேண்டாம். அதைவிட எங்களிடம் வேலை பார்க்கும் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லும்போதுதான் கூச்சமாக இருந்தது. தன்னுடைய ஆண்டு வரிக் கணக்கில் ஒரு மாதப் பிடித்தம் காணவில்லையே என்று அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறார், நான் 'ஏறக் கொஞ்ச நாள் ஆகும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் சம்பளத்தில் பிடித்தாகிவிட்டது, கட்டியதாகக் காட்டவில்லை, நடுவில் நின்றது நான்.

மூன்றாவது ஞாயிறு சில்லறை வேலைகள். நவம்பரில் 900 இடித்தது. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி எழுதியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்பது பழைய கணக்குப்பிள்ளை வித்தை, 5,430ஐ 4,530 என்று எழுதியிருந்தேன், இரண்டு நிமிடத்தில் அகப்பட்டது. அதே போல வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவதும் நல்ல வழி, பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். சில மாதங்களில் ஒன்றிரண்டு காசு மீதி நின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அருகிலுள்ள காசுக்கு முழுமையாக்கிக் கூட்டுவதும் மொத்தத்தைக் கூட்டி முழுமையாக்குவதும் ஒன்றல்ல, அதற்கென்று ஒரு சின்னத் தலைப்பு வைத்துத் தள்ளிவிட்டேன், அதற்குமேல் தேடுவது பைத்தியக்காரத்தனம்.

கடைசியாக ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. டிசம்பரில் வேலை செய்ததற்கான சம்பளம் ஜனவரி முதல் வாரம்தான் கைக்குப் போகிறது. எங்கள் புத்தகத்தில் அது டிசம்பர்ச் செலவு. ஆண்டறிக்கையோ பணம் கைக்குப் போன தேதியைப் பார்த்து எடுத்திருந்தது. அதனால் எல்லாம் சரியாக எழுதிய பிறகும் இரண்டு எண்களும் ஒன்றாகவில்லை. நான் திரும்பவும் தலையில் கைவைத்து உட்காரப் போனபோது கணக்காளர் தடுத்தார். "இது தப்பு இல்லைங்க, வித்தியாசம். தப்பைத்தான் திருத்தணும், வித்தியாசத்துக்குக் காரணம் எழுதிவெச்சா போதும்." போன வருட டிசம்பரைக் கூட்டி இந்த வருட டிசம்பரைக் கழித்தால் ஆண்டறிக்கையின் எண் வந்துவிடுகிறது. அந்த ஒரு பக்கக் கணக்கை அச்செடுத்துக் கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.

இப்போது எக்செல்லில் சம்பளச் சீட்டு ஒன்றுக்கு ஒரு வரி. மொத்தம், வரி, சேமநிதி, முன்பணக் கழிவு, கைக்குப் போனது, நிறுவனப் பங்கு, கட்டிய தேதி, ரசீது எண். இதில் ரசீது எண் கட்டம்தான் முக்கியம். வங்கியிலிருந்து போனதற்கு ஸ்டேட்மென்ட் சாட்சி, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது மட்டும்தான் சாட்சி. சேவையின் அறிவிப்புகள் இப்போது யாருடைய தனி முகவரிக்கும் போவதில்லை, அலுவலகப் பொது முகவரிக்கு வருகின்றன. பிடித்தத் தொகைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் போடும் அன்றே பிடித்ததையும் நிறுவனப் பங்கையும் அங்கே மாற்றிவிடுகிறேன். கையில் இருக்கிறதே என்று வேறு எதற்காவது எடுத்துவிடும் சபலம் இல்லாமல் போனது, எனக்கு அந்தச் சபலம் இருந்ததா என்றால், இருந்தது. மாதத்துக்கு எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகிறது. சேவையை நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன், வேண்டாம், கணக்கிட்டுக் கட்டுவதை அவர்கள் நன்றாகத்தான் செய்கிறார்கள், புத்தகத்தில் எழுதுவது மட்டும் அவர்கள் வேலை இல்லை.

இந்த மாதப் பிடித்தம் 14ஆம் தேதி போனது. 15ஆம் தேதி காலையில் பார்த்தேன், பூஜ்யம். 17ஆம் தேதி இன்னொரு தடவை ஸ்டேட்மென்டைத் திறந்து, எதுவும் திரும்பி வந்திருக்கிறதா என்று வரவுப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.