அண்ணன் வண்டி

அக்டோபர் 19, 2024, சனி

அண்ணன் வண்டி, அந்த பிராம்ப்டன் மடக்கு சைக்கிள், வீட்டுக்கு வந்துவிட்டது. அண்ணி கார் டிக்கியைத் திறந்தபோது, கறுப்புத் துணி போர்த்திய சின்ன மூட்டை போலக் கிடந்தது. அண்ணி பிடி எங்கே என்று தேடவே இல்லை. பழகின கை நேராகச் சீட்டுக்கு அடியில் போனது. பன்னிரண்டு கிலோ. நான் இரண்டு கையாலும் தூக்கினேன்.

போனில் அண்ணன். "அம்மிணி, முதல்ல பின்சக்கரம் உள்ள போகோணும். அப்புறம் முன்பக்கம். அதுக்கப்புறந்தான் ஹேண்டில் பார். சீட்டு கடைசி. வரிசையை மாத்தாத." குரல் நேற்றைக்கு இன்று தேவலை.

ஏழு தடவை மடித்தேன். ஏழாவது தடவைதான் ஹேண்டில் பார் சரிந்து தன் இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்த 'டக்' சத்தத்துக்காகவே எட்டாவது தடவையும் மடித்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

இடது சுட்டுவிரல் கீலில் மாட்டி நகம் கறுத்துவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

அண்ணன் திட்டம் போட்ட ஜப்பான் சைக்கிள் பயணத்துக்கு அவர் வண்டியோடு நான் போகிறேன். விமானத்தில் வண்டியை எதில் போட்டுக் கொண்டுபோவது? நாள் முழுக்கப் பை யோசனைதான். ஆபீசில் இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டேன்.

கெட்டிப் பெட்டி வாங்கினால் வண்டிக்கு அடி படாது. ஆனால் ஓனோமிச்சியில் இறங்கி வண்டியை விரித்த பிறகு அந்தப் பெட்டியை என்ன செய்வது? கிளம்பின ஊருக்கே திரும்பி வருகிற பயணம் என்றால் முதல் நாள் தங்கும் விடுதியில் போட்டுவிட்டுப் போகலாம். அண்ணன் போட்டிருக்கும் வழி அப்படி இல்லை. ஓனோமிச்சியில் தொடங்கி, ஆறு தீவு தாண்டி, எழுபது கிலோமீட்டர் தள்ளி இமாபாரியில் முடிகிறது. பெட்டியை ஊர் விட்டு ஊர் அனுப்ப ஜப்பானில் நல்ல கூரியர் உண்டு, விடுதி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு நாள் மழை பிடித்து நடுத்தீவில் தங்க நேர்ந்தால், பெட்டி ஓர் ஊரில் இருக்கும், நான் ஓர் ஊரில் இருப்பேன்.

அண்ணன் சொல்வது வேறு. ஐகியா கடையில் டிம்பா என்று ஒரு பை உண்டு. 65க்கு 65, அகலம் 22 செ.மீ. வீட்டில் மெத்தை, தலையணை போட்டுவைக்கிற பை. உள்ளே இருப்பது வெளியே மங்கலாகத் தெரியும். இந்த வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அதில்தான் கொண்டுபோகிறார்களாம். "தெரியறதுதான் கண்ணு பாதுகாப்பு. மூடின பெட்டின்னா வீசுவாங்க. சைக்கிள்னு கண்ணுல பட்டா கை தன்னால மெதுவாயிரும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிக்கப்போகிற ஆள், முந்நூறு பெட்டி தூக்கின கை, என் பையை மட்டும் நின்று பார்க்குமா?

ஆனால் அந்தப் பையைச் சுருட்டினால் ஒரு துண்டு அளவுதான். வண்டியின் முன்பையில் போய்விடும். ஜப்பான் ரயிலில் சைக்கிளை ஏற்றுவதானால் முழுசாகப் பைக்குள் இருக்க வேண்டும், துளி வெளியே நீட்டக்கூடாது. ரின்கோ என்கிறார்கள். அதற்கும் இதே பை போதும். விமானம், ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே பை.

அவர் ஒரு வருஷம் யோசித்து வைத்ததை நான் ஒரே நாளில் மாற்றப் பார்க்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

விசா வந்தது. பெங்களூரிலிருந்து பையும் வந்தது. இரண்டு பை வாங்கச் சொன்னேன், ஒன்றுக்குள் ஒன்று.

அக்டோபர் 27, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு வாலாங்குளம். சக்கரம் வெறும் 16 அங்குலம். நம் பெரிய சைக்கிள் கண்டுகொள்ளாத குழியைக்கூட இது முழங்கை வரைக்கும் சொல்லிவிடும். ஹேண்டில் பாரும் ரொம்ப லேசு, கொஞ்சம் அசைத்தால் நிறையத் திரும்புகிறது. முதல் பத்து நிமிஷம் பயம். பிறகு ஒரு மணிநேரம் இறங்கவே இல்லை.

முன்பையை ஹேண்டில் பாரில் மாட்டுவதில்லை, ஃப்ரேமிலேயே உள்ள கட்டையில் மாட்டுகிறோம். அதனால் ஐந்து கிலோ ஏற்றியும் திருப்பும்போது கை கனக்கவில்லை. இதைச் செய்தவரின் மூளையை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ஆண்ட்ரூ ரிட்சி. 1970-களில் லண்டனில் தன் வீட்டு அறையிலேயே முதல் வண்டியைச் செய்து பார்த்தவர். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஆரட்டரி என்ற தேவாலயம். வண்டிக்கும் அந்தப் பெயரே ஆகிவிட்டது. அண்ணன் இதை என்னிடம் இருபது தடவை சொல்லியிருப்பார். இன்றுதான் காதில் ஏறியது.

எனக்கு குரங்கு பெடல் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அன்றைக்கும் நகம்தான் போனது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் வாசனை ஆகவில்லை என்பதால் அண்ணன் வீட்டில் பலகாரம் சுடவில்லை. நானும் சுடவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இன்று ஒத்திகை. மூன்றரை மணிநேரம் ஆனது. வீடியோ காலில் அண்ணன் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தால், "அந்த ஸ்பாஞ்சு பத்தாது" என்றார்.

ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பாஞ்சு நாலு மீட்டர். ஃப்ரேம், ஹேண்டில் பார் எல்லாவற்றிலும் போட்டு டேக் போட்டு இறுக்கினேன். மடித்த இரண்டு சக்கரத்துக்கும் நடுவே அட்டை. இரும்போடு இரும்பு எங்கே உரசுமோ அங்கெல்லாம் துணி. என் பழைய சுடிதார் இரண்டு அதற்கே போயின. வெளிப்பக்கம் தெர்மாகோல், அதன்மேல் ரெயின்கோட்.

சீட்டில்தான் தப்புச் செய்தேன். இடம் மிச்சமாகட்டும் என்று சீட்டைக் கம்பியோடு உருவிவிட்டேன். வண்டியைத் தூக்கியதும் பின்சக்கரம் தொங்கிவிட்டது. மடிப்பைப் பூட்டி வைத்திருப்பதே அந்தக் கம்பிதான், அது கீழே இறங்கி நின்றால்தான் பின்பக்கம் அசையாது. ஆகவே சீட்டை மட்டும் கழற்றிக் கம்பியைத் திரும்ப உள்ளே இறக்கினேன். போதாததற்கு ஒரு வெல்க்ரோ பட்டையும்.

அப்புறம் கீலை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப். நடுக்கீலில் ஒன்று, ஹேண்டில் பார் கீலில் ஒன்று. திருகுகிற பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலே ஒரு பெட்டி விழுந்தால் முதலில் வளைவது அதுதான். இரண்டையும் முழுசாகத் திருகிக் கழற்றி ஜிப் கவரில் போட வேண்டும். அது தொலைந்தால் வண்டி வெறும் இரும்பு. ஓனோமிச்சியில் யார் கடையில் போய்க் கேட்பது?

கழற்றிய கவரை எங்கே வைப்பது என்றே ஒரு மணிநேரம். கடைசியில் அண்ணி தைத்துக் கொடுத்த சுருக்குப்பையில் போட்டு, பைக்குள்ளேயே ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டினேன். வண்டி இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

எடை 17.4. இருபதுக்குள். அளவுக் கணக்கும் சரி: நீளம், உயரம், அகலம் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், பையோடு சேர்த்து 153 வருகிறது. மூன்று தடவை டேப் பிடித்துப் பார்த்தேன்.

காற்றடிக்கிற கேஸ் குப்பி வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், விமானத்தில் அதற்கு அனுமதி வாங்கும் வம்பு வேண்டாம். கைப்பம்பு போதும். துரு எடுக்கிற ஸ்ப்ரே டப்பா கூடவே கூடாது. பவர் பேங்க் 20,000 எம்.ஏ.எச்., அதாவது 74 வாட்-அவர், நூறுக்குள், கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பையில். பின்சக்கரம் கழற்ற 15 நம்பர் ஸ்பேனர் ஒன்று தனியாக. டியூப் இரண்டு. டயரில் காற்றை முழுசாக இறக்கவில்லை. கீழே சரக்கு வைக்கும் இடத்திலும் காற்றழுத்தம் நமக்கு இருப்பதுபோலத்தான் இருக்குமாம். முழுசாக இறக்கினால் ரிம்தான் அடி வாங்கும்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு ஸ்கேன். திங்கள்கிழமை தெரியும்.

நவம்பர் 6, புதன்

கட்டின பையைத் திரும்ப அவிழ்த்தேன். கிளாம்ப் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருக்கிறது.

மறுபடி கட்ட நாற்பது நிமிஷம்.

நவம்பர் 7, வியாழன், இரவு

பீளமேடு விமான நிலையம். கிளம்பும் முன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். "நீங்க வர வேண்டியதுங்ண்ணா" என்றேன். "வண்டி போகுதல்லோ" என்றார். பிறகு, "தாத்தாரா பாலத்தில தூணுக்குக் கீழ நின்னு கை தட்டிப் பாரு. ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. மறந்துராத." மூன்று தடவை சொன்னார்.

கவுன்டரில் என்ன இது என்று கேட்டார்கள். சைக்கிள் என்றே சொன்னேன், அண்ணன் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, உடைந்தால் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பெல்ட்டில் வைக்காமல் ஓர் ஆள் வந்து தூக்கிப்போனார். பைக்குள்ளே சக்கரம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்த்தார். தோளில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 8, வெள்ளி

கன்சாய் விமான நிலையம். சிங்கப்பூரில் மாறியபோது யாரும் தோளில் வைக்கவில்லை போலிருக்கிறது. வெளிப்பையில் ஒரு சாண் கிழிசல். உள்பை முழுசாக இருந்தது. சுருக்குப்பையைத்தான் முதலில் தடவினேன். இரண்டும் இருந்தன. பின் மட்கார்டைத் தாங்கும் கம்பி மட்டும் வளைந்து டயரை உரசுகிறது. ரயில் நிலைய பெஞ்சில் வைத்துக் கையால் நிமிர்த்தினேன். கம்பி நிமிர்ந்தது, கை நடுங்குவது நிற்கவில்லை.

ஷின்-ஒசாகாவில் ஷின்கான்சென். வண்டியைக் கடைசி வரிசை சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஃபுகுயாமாவில் மாறி, சின்ன ரயிலில் ஓனோமிச்சி. ரயிலை விட்டு இறங்கி நாலெட்டு நடந்தால் கடல். அங்கேயே தரையில் உட்கார்ந்து விரித்தேன். கிளாம்ப் இரண்டையும் திருகி, பிடித்து ஆட்டிப் பார்த்து, மறுபடி திருகினேன். படம் எடுத்து அனுப்பினேன். "முன்சக்கரம் நேரா இருக்கு" என்று பதில். ஸ்கேன் பற்றி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

படகில் முகைஷிமாவுக்கு ஐந்து நிமிஷம். அங்கிருந்து சாலை ஓரமாக ஒரு நீலக்கோடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் இமாபாரி. வழி கேட்க ஆளே வேண்டாம். எனக்கு அந்தக் கோட்டின் மேல் இவ்வளவு பிரியம் வரும் என்று நினைக்கவில்லை.

1983-இல் திறந்த இன்னோஷிமா பாலத்தில் சைக்கிளுக்குக் கீழ்த்தட்டு. கார்கள் தலைக்கு மேல் ஓடுகின்றன. பாலத்துக்கு ஏறும் பாதையை மலையைச் சுற்றி வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள், மூச்சு வாங்காமல் ஏறலாம். சின்னச் சக்கரம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் மறந்துபோனது.

இக்குச்சிஜிமாவில் எங்கும் எலுமிச்சைத் தோப்பு. ஆள் இல்லாத மரப்பெட்டிக் கடை, நூறு யென் போட்டு ஒரு பை எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சை எலுமிச்சை. கீறி முகர்ந்தேன். வாய்க் குமட்டலுக்கு அண்ணன் இப்போது இதைத்தான் வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

செத்தோதாவில் தங்கல். முப்பது கிலோமீட்டர் சொச்சம். தொடை வலி.

நவம்பர் 10, ஞாயிறு

தாத்தாரா. 1999-இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான நடு இடைவெளி கொண்ட, தூணிலிருந்து நேராகக் கம்பி இழுத்துக் கட்டிய (கேபிள்-ஸ்டேய்ட்) பாலம், 890 மீட்டர். கம்பிகள் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி இறங்குகின்றன. தூண் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்திருக்கிறார்கள், தட்டிப் பார்க்க. கத்தும் டிராகன் என்று பெயர்.

கட்டையால் தட்டவில்லை, அண்ணன் கை என்றுதானே சொன்னார். கையால் தட்டினேன். சத்தம் தூணுக்குள்ளே படபடவென்று ஏறி ஏறி மேலே எங்கேயோ போய்த் தேய்ந்தது. முடிந்ததா முடியவில்லையா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் பாதிக்குமேல் காற்றுச் சத்தம். காற்று அடங்கட்டும் என்று முக்கால் மணிநேரம் நின்றேன். பதினொரு தடவை எடுத்தேன். ஒன்பதாவது நன்றாக விழுந்திருக்கிறது.

அனுப்பினேன். ஒரு டிக்.

நடுப்பாலத்தில் ஹிரோஷிமா முடிந்து எஹிமே தொடங்குகிறது, தரையில் எழுதியிருக்கிறார்கள். வண்டியைக் கோட்டின் மேல் நிறுத்திப் படம் எடுத்தேன். அதையும் அனுப்பினேன். அதற்கும் ஒரு டிக்.

நவம்பர் 11, திங்கள்

ஓமிஷிமா. இங்கே மணி ஒன்பது, அங்கே விடிந்தும் விடியாத ஐந்தரை. இன்னும் ஒரு டிக்தான். அண்ணியைக் கூப்பிட இது நேரமில்லை.

இன்றைக்கு ஹகாதா, ஓஷிமா, அப்புறம் நாலு கிலோமீட்டர் குருஷிமா பாலம். பின்சக்கரத்தில் காற்று குறைந்த மாதிரி இருக்கிறது. கிளம்பும் முன் பம்பு எடுக்கணும்.