சேறு அள்ளியதிலிருந்து வகுப்பு திறந்தது வரை

வெள்ளத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்துக்கு உதவ எங்கள் தொடக்கப் பள்ளி இறங்கியபோது எங்களிடம் பணமும் கிடையாது, வண்டியும் கிடையாது. இருந்ததெல்லாம் வருகைப் பதிவேடுகள். அவை மாடியில் இருந்ததால் நனையவில்லை. எந்தப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது, யார் வீட்டுப் பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார், யாருடைய அம்மாவுக்கு நிறைமாதம், யாருடைய அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் ஆசிரியர்களுக்கு அத்துப்படி. வெளியிலிருந்து வரும் எந்த உதவிக் குழுவும் பல நாள் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் எங்கள் கையில் முதல் நாளே இருந்தது. நாங்கள் செய்ததில் உருப்படியானவை எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன.

தலைமையாசிரியை எங்களை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் தெருவாரியாகப் பிரித்தார். ஒரு தெருவுக்கு ஓர் ஆசிரியர், அவரோடு அந்தத் தெருவிலேயே இருக்கும் பெற்றோர் இரண்டு பேர். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு வாசலிலும் கேட்கவேண்டியவை நான்குதான்: வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், தினமும் சாப்பிட வேண்டிய மருந்து இருக்கிறதா, குடிக்க எந்தத் தண்ணீரை எடுக்கிறீர்கள், இன்றைக்கு அவசரமாக என்ன வேண்டும். "இன்றைக்கு" என்ற சொல்லை விடாமல் கேட்கச் சொன்னார். பொதுவாக என்ன வேண்டும் என்று கேட்டால் "எல்லாமே போச்சு" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

பதிவேட்டில் இல்லாத வீடுகள்தான் எங்களுக்குக் கவலை. பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லாத வீடு, தனியாக இருக்கும் முதியவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் கைகொடுத்தார்கள். "டீச்சர், எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு தாத்தா தனியா இருக்கார், அவர் வெளியவே வரல" என்று என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சொல்லித்தான் அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் அவர். மாத்திரைகள் வெள்ளத்தில் நனைந்திருந்தன. வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரையைக் காயவைத்துச் சாப்பிடக் கூடாது என்று விளக்கி, பழைய மருந்துச் சீட்டைப் போன் கேமராவில் படமெடுத்து, அன்று மாலைக்குள் புது மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு நாள் தவறுவதுகூட ஆபத்து. சாப்பாடு கொண்டுவர எத்தனையோ பேர் இருந்தார்கள். மருந்தைப் பற்றி விசாரிக்க அநேகமாக யாரும் இல்லை.

அப்புறம் பொருட்கள் வரத் தொடங்கின. மனம் நிறைந்துதான் அனுப்பினார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்காமல் வரும் பொருள் ஒரு தனி வேலை. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இரண்டு வகுப்பறைகளை அடைத்தது. அதைப் பிரித்து, அளவு பார்த்து, கிழிந்ததை ஒதுக்கும் வேலைக்குப் பெற்றோர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். அந்தக் கைகள் சேறு அள்ள வேண்டிய கைகள். அதனால் வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ஒரே ஒரு செய்தி அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். மேலே "இன்று வேண்டியவை", கீழே "இன்று வேண்டாதவை". இரண்டாவதை எழுதத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாளி, மண்வெட்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, சோப்பு, சானிட்டரி நாப்கின், டார்ச், புது உள்ளாடை என்று தெளிவாகக் கேட்டபோது அவை சரியாக வந்து சேர்ந்தன.

வேண்டாதவை பட்டியலில் குழந்தைகளுக்கான பால்பவுடரும் இருந்தது. சிலருக்கு அது பிடிக்கவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பால் வேண்டாமா என்று கேட்டார்கள். நல்ல தண்ணீரும் பாட்டிலைக் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் பால்பவுடர் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்துவிடும். பேரிடர் காலத்தில் அதை நன்கொடையாகப் பொதுவில் விநியோகிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வலியுறுத்துகின்றன. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்குத் திரை போட்ட ஓர் அறை, உட்கார நல்ல நாற்காலி, குடிக்கத் தண்ணீர் என்று ஏற்பாடு செய்தோம். ஏற்கெனவே பவுடர்ப் பால் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு மட்டும் செவிலியர் பார்த்துக் கொடுத்தார்.

வீடுகளைச் சுத்தம் செய்ததுதான் பெரிய வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இனி இதைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும்.

முதல் விதி, பிள்ளைகள் சேற்றுக்குள் வரக் கூடாது. உதவ வேண்டும் என்று அவர்கள் துடித்தார்கள், ஆனாலும் விடவில்லை. வெள்ளச் சேற்றில் கழிவுநீர் கலந்திருக்கும், உடைந்த கண்ணாடியும் ஆணியும் கிடக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சிறு காயத்தின் வழியாக உள்ளே போனாலே எலிக்காய்ச்சல் வரலாம். பெரியவர்களும் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது என்று கறாராக இருந்தோம். காய்ச்சல், உடம்புவலி என்று யாராவது சொன்னால், சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லச் சொன்னோம்.

இரண்டாவது, மின்சாரம். எலக்ட்ரீஷியன் பார்த்து மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று சொல்லும்வரை எந்த வீட்டுக்குள்ளும் யாரும் போகவில்லை. எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா எலக்ட்ரீஷியன். அவர் முன்னே போவார், கதவில் சாக்பீஸால் ஒரு குறி போடுவார், அதற்குப் பிறகுதான் எங்கள் குழு. தண்ணீரை இறைக்க டீசல் மோட்டார் வைத்தவர்களிடம் அதை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னோம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூச்சுமுட்டுவது தெரிவதற்குள் ஆளை மயக்கிவிடும்.

ஒரு பொருளை வெளியே எடுப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி ஒன்று, ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, பாழான ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்று. நிவாரணத்துக்கோ காப்பீட்டுக்கோ பின்னால் விண்ணப்பிக்கும்போது, தூக்கிப்போட்ட பொருளுக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது. அவசரத்தில் எல்லாரும் இதைத்தான் மறப்பார்கள். எனவே ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குப் படம் எடுப்பது மட்டுமே வேலை.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்தால் இறுகிவிடும். அள்ளியதும் நேராக ப்ளீச்சை ஊற்றினால் பயனில்லை. சேறு இருக்கும் இடத்தில் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே நிற்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகுதான் ப்ளீச். தரைக்கு 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் திரவ ப்ளீச் என்ற அளவில் கலந்தோம். ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடக் கூடாது என்று பாட்டில் மேலேயே எழுதி ஒட்டினோம், இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். நனைந்த பஞ்சு மெத்தை, தலையணையைக் காப்பாற்ற நினைப்பது வீண். 48 மணி நேரத்துக்குள் காயாத பஞ்சில் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு பாட்டி தன் மெத்தையை விட மறுத்தார். யாரும் வற்புறுத்தவில்லை. என்னோடு வந்த ஓர் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மெத்தை எப்போது வாங்கியது என்று கேட்டார். வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் பாட்டியே "எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். வேகமாக வேலையை முடிக்கும் குழுவைவிட இப்படி உட்காரத் தெரிந்த குழுவே நல்ல குழு என்று நான் நினைக்கிறேன்.

குடிநீர் விஷயத்தில் பிள்ளைகள்தான் எங்களுக்கு ஆசிரியர்கள். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும், குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் படமாக வரைந்து தெருவுக்குத் தெரு ஒட்டினார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய கரைசலின் அளவையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்: சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்குக் கெடுதல் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். வீட்டில் போய்ச் சொன்னால் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒரு தேவை, காகிதங்கள். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கல்யாண போட்டோ எல்லாம் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டாம் வகுப்பறையை உலர்த்தும் அறையாக மாற்றினோம். நனைந்த காகிதத்தை அவசரமாகப் பிரித்தால் கிழிந்துவிடும். மேலே உள்ள தண்ணீரை ஒற்றி எடுத்து, பிரியும் பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் வைத்து, அந்தத் தாளை அடிக்கடி மாற்றி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தோம். வெயிலில் போட்டால் மை வெளுத்துக் காகிதமும் சுருண்டுவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களை இழுத்துப் பிரிக்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாக விலகியதும் படம் மேலே இருக்கும்படி பரப்பினோம். உடனே பார்க்க முடியாதவற்றை ஒருவர் வீட்டு ஃப்ரீசரில் வைத்தோம், உறைந்த காகிதத்தில் பூஞ்சை பிடிக்காது. எது யாருடையது என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டு எழுதியது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அவ்வளவு கவனமாக அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

பள்ளியில் தங்கிய குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரிடர் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் சர்வதேச வழிகாட்டி ஸ்ஃபியர். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்ற அதன் அளவுகோலை வைத்துத்தான் லாரித் தண்ணீர் கேட்டோம். அப்படி எண்ணிக்கையோடு கேட்டதால் மறுக்க முடியவில்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிவறை, போகும் வழியில் இரவு முழுக்க விளக்கு, உள்ளே சரியாக வேலை செய்யும் தாழ்ப்பாள். இதில் ஒன்று குறைந்தாலும் பெண்கள் இரவில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பள்ளியை எப்போது திறப்பது என்பதில் சங்கடம் வந்தது. தங்கியிருந்தவர்களை வெளியே அனுப்பவும் மனமில்லை, பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவைக்கவும் மனமில்லை. தங்கியிருந்த குடும்பங்களையே கூட்டத்துக்கு அழைத்து உட்கார்ந்து பேசினோம். மாடி அறைகளில் அவர்கள், கீழே வகுப்புகள், காலை மட்டும் பாடம் என்று முடிவானது. அந்த யோசனையைச் சொன்னதே அங்கே தங்கியிருந்த ஒரு அக்காதான். அதன் பிறகு பிள்ளைகள் வரும் நேரத்தில் வராந்தாவைக் கூட்டிவைப்பதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம் பாடம் நடத்தவில்லை. மணி அடிப்பது, வரிசையில் நிற்பது, வருகைப் பதிவு, கதை, விளையாட்டு, இவை மட்டும் அன்றாடம் தவறாமல் நடந்தன. பயந்துபோன பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே பெரிய ஆறுதல். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கவனிப்பது, கேட்பது, தேவையான உதவியோடு இணைப்பது என்ற மூன்றைச் சொல்கிறது. நடந்ததைச் சொல்லும்படி நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வரைய விரும்பியவர்கள் வரைந்தார்கள். மேகம் கறுத்தாலே ஒரு பையன் அழுவான். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே ஆகிவிட்டதே. மழை வந்தால் நாம் எந்தப் படியில் ஏறுவோம், அம்மா எங்கே வந்து கூட்டிப்போவார் என்று அவனோடு நடந்து காட்டினேன். பல வாரங்கள் கழித்தும் அழுகை நிற்காத சில பிள்ளைகளை மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம்.

இடையில் ஒரு குறை எழுந்தது: பள்ளியில் பிள்ளை படிக்கும் வீட்டுக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள் என்று. கேட்டதும் வருத்தமாக இருந்தது, ஆனால் கேட்டவர்கள் மேல் தப்பில்லை. எந்தத் தெருவுக்கு எந்தப் பொருள் எத்தனை போனது என்று, வீட்டுப் பெயர் இல்லாமல், பள்ளி வாசலில் தினமும் எழுதி ஒட்டினோம். யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதை மட்டும் நோட்டுக்குள்ளேயே வைத்தோம். வாங்கியவர்களைப் படம் எடுக்கவே இல்லை. "கையேந்தி நிக்கற மாதிரி போட்டோ வந்துடுமோன்னு பயந்தேன் டீச்சர்" என்று ஓர் அம்மா பின்னால் சொன்னார்.

சில வீடுகளில் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. செங்கல் சுவர் காயப் பல வாரங்கள் ஆகும், அதற்குள் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்பதால் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். நிவாரண விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் இரண்டு ஆசிரியர்கள் பள்ளியில் உட்காருகிறார்கள். தெருவாரி நோட்டைக் குடும்பங்களின் சம்மதத்தோடு பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். நடக்க முடியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தினமும் மருந்து எடுப்பவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை அழைத்துவர யார் போக வேண்டும் என்ற பெயர்கள் அதன் முதல் பக்கத்தில் இருக்கும். ஒரு பிரதி மாடியில் தலைமையாசிரியை அறையில், இன்னொன்று மேட்டுத் தெருவில் இருக்கும் ஒரு பெற்றோர் வீட்டில்.