தண்ணீர்ப் பந்தல் எந்தச் சாலையில் இருந்தது?

தைப்பூசப் படங்களில் காவடி எடுத்தவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீர்ப் பந்தல்கள்தான் பிராணனை வாங்கும். மஞ்சள் துணி, தோரணம், மோர் அண்டா, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். பினாங்கில் ஜாலான் உத்தாமாவில் எடுத்ததா, வாட்டர்பால் ரோட்டில் எடுத்ததா என்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எனக்கே தெரியாது. பூசம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள், போய்ப் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. பந்தல் போடும் எங்கள் பெரியப்பாவோ, "நம்ம பந்தல் போன வருஷம் எந்த மரத்துக்குப் பக்கத்துலப்பா இருந்துச்சு?" என்று விடாமல் கேட்பார். அடுத்த வருட இடத்துக்கு அதுதான் அவருடைய ஆதாரம்.

என்னுடையது பழைய கேமரா, ஜிபிஎஸ் கிடையாது. ஆனால் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறதே! ஜிபிஎஸ்லாகர் என்ற இலவசச் செயலியைக் காலையில் ஓடவிட்டால், பத்து நொடிக்கு ஒருமுறை நான் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டே வரும். தைப்பூசக் கூட்டத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி அனுப்பவே திணறும், ஆனால் இந்தப் பதிவு தடைபடாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க மட்டும்தான் செய்கிறது, அதற்கு இணையம் தேவையில்லை. பேட்டரி சேமிப்பு அமைப்பில் மட்டும் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் கைப்பேசியே அதைத் தூங்கவைத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கையில் ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு இருக்கும். திறந்து பார்த்தால் 5.4, 100.3 என்று தொடங்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் நேரமும்தான். படம் எடுத்த நேரத்தை இந்த நேரத்தோடு பொருத்தி, இடத்தைப் படத்துக்குள் எழுதும் வேலையை எக்ஸிஃப்டூல் செய்கிறது. பில் ஹார்வி 2003இலிருந்து இலவசமாகத் தந்துவரும் மென்பொருள் இது. கட்டளை தட்டப் பயந்தால் டிஜிகேம் என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது, சுட்டியாலேயே முடித்துவிடலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எடுத்த படத்துக்கு இடைப்பட்ட இடத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

வேலையே கடிகாரத்தில்தான் இருக்கிறது. ஜிபிஎக்ஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னால். கேமராவோ தான் காட்டும் நேரத்தை அப்படியே எழுதும். பல கேமராக்கள், குறிப்பாகப் பழையவை, எந்த நாட்டு நேரம் என்று சொல்வதே இல்லை. என் மாமா மகன் தமிழ்நாட்டுக்குப் போய்வந்து கடிகாரத்தை மாற்றாமலே இரதத்தைப் படம் எடுத்தான். இரண்டரை மணி நேரம் பின்னால். ஜாலான் உத்தாமாவில் எட்டரைக்கு எடுத்த படமெல்லாம் ஆறு மணிப் படமாகி, லெபோ பினாங்கில் இரதம் புறப்படும் கோவில் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது! நல்லவேளை, எல்லாப் படத்திலும் வித்தியாசம் ஒன்றேதான். மொத்தமாக நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

நிமிடக் கணக்கில் பிசகுவதுதான் கண்ணில் படாது. நடந்துகொண்டே எடுத்தால் ஒரு நிமிடப் பிழை எழுபது, எண்பது மீட்டர். அடுத்தடுத்துப் பந்தல்கள் இருக்கும் சாலையில் அது வேறு ஆட்களுடைய பந்தல். அதனால் முதல் படமாக, கைப்பேசியில் நொடிமுள்ளோடு ஓடும் கடிகாரத்தையே கேமராவால் எடுத்து வைத்துக்கொள்வேன். கேமராவின் நேரத்தையும் படத்தில் தெரியும் நேரத்தையும் கழித்தால் எவ்வளவு நகர்த்துவது என்று கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. பதிவாவது நான் நின்ற இடம், பந்தல் நின்ற இடம் அல்ல. சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஜூம் செய்தால் வரைபடத்தில் பந்தல் எதிர்ப்பக்கம் போய்விடும். கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்று சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கு எப்படித் தெரியும்? ஆகவே ஒவ்வொரு பந்தலிலும் மோர் வாங்கிக் குடிக்கும் சாக்கில் கம்பத்தை ஒட்டி நின்று ஒரு படம். அதைத்தான் இடத்துக்குக் கணக்கில் எடுக்கிறேன். திறந்த வானம் என்றால் ஐந்து மீட்டருக்குள் வந்துவிடுகிறது. லிட்டல் இந்தியாவில் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நின்றால் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி, கோடு பக்கத்துத் தெருவில் குடித்தவன் மாதிரி நடக்கும். அங்கே கையால்தான் திருத்த வேண்டும்.

பெரியப்பாவுக்குப் படங்களைப் புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் இடத்தகவல் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். பந்தல் படங்களை ஆவணமாகவே அனுப்பிவிட்டேன். காவடி எடுப்பவர்களின் வீட்டில் வைத்து அலகு குத்துவதற்கு முன் எடுத்த குடும்பப் படங்களில் மட்டும் இடத்தகவலை அழித்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டு முகவரியை ஊருக்குச் சொல்ல நான் யார்?